கிரிப்டோ நாணயம்: வரி உண்டு, காவல் உண்டா?

பருத்தியையும் பனியனையும் நம்பி வளர்ந்த ஊர் திருப்பூர். நூல் விலை என்ன, ஆர்டர் எப்படி, சாயப்பட்டறையிலிருந்து துணி எப்போது வந்து சேரும் என்பனவே இங்குள்ள வியாபாரிகளின் அன்றாடப் பேச்சாக நெடுங்காலம் இருந்து வந்தன. காதர்பேட்டைக் கடைவீதியில் ஜும்ஆத் தொழுகை முடித்து வெளிவருவோரின் உரையாடலும் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே அமையும். சில ஆண்டுகளாக இப்பேச்சினிடையே புதியதொரு சொல் புகுந்துள்ளது. 'கிரிப்டோ' என்பதே அச்சொல். பனியன் கம்பெனி முதலாளி முதல் பவர் டேபிளில் தைக்கும் இளைஞர் வரை, பலருடைய கைப்பேசியிலும் அதன் விலை ஏறுவதும் இறங்குவதும் தெரிகின்றன. 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீதச் சுங்கவரி விதித்தபோது, அந்நாட்டு ஆர்டர்களை நம்பியிருந்த பலர் கலங்கினர். தொழிலில் இலாபம் சுருங்கும் நாள்களில், வேறு வழியில் விரைவாகப் பொருள் சேர்க்கும் ஆசை எழுவது மனித இயல்பே.

இது குறித்து மக்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. சட்டப்படி இதனை வாங்கலாமா? வாங்கினால் வரி எவ்வாறு? வாங்குவது தகுமா? இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஆயினும் இரண்டாவது கேள்விக்கான விடையைக் கொண்டே மற்ற இரண்டிற்கும் விடை கண்டுவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். "அரசாங்கமே வரி வாங்குகிறதே, பிறகென்ன தயக்கம்?" என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய்வது இன்று அவசியமாகிறது.

நாணயம் என்னும் பெயர்

2008-ஆம் ஆண்டில் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஓர் ஆய்வுரையிலிருந்து பிட்காயின் பிறந்தது. 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கிற்று. எந்த அரசும் எந்த வங்கியும் அதனை வெளியிடவில்லை. உலகெங்குமுள்ள கணினிகளில் ஒரே பேரேடு பல பிரதிகளாக வைக்கப்படுகிறது. யாருடைய கணக்கிலிருந்து யாருடைய கணக்கிற்கு எவ்வளவு சென்றது என்பது அதில் பதிவாகிறது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் பிட்காயின்களுக்கு மேல் உண்டாக முடியாது என்பது அதன் அமைப்பிலேயே வகுக்கப்பட்ட விதி. பின்னர் இதனைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான நாணயங்கள் தோன்றின.

ரூபாய் நோட்டின் பின்னே ரிசர்வ் வங்கியின் உறுதிமொழி நிற்கிறது. பிட்காயினின் பின்னே அத்தகைய உறுதிமொழி தருபவர் எவரும் இலர். வாங்க ஆள் இருக்கும் வரை விலை உண்டு. 2021 நவம்பரில் 69,000 டாலர் அளவைத் தொட்ட பிட்காயின், ஓராண்டு கழிந்து 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கிற்று. பின்னர் மீண்டும் ஏறிற்று என்பது உண்மையே. ஆனால் இடையில், கடன் வாங்கி வாங்கியவர்களுக்கும், அவசரத் தேவைக்காக விற்றவர்களுக்கும் அவ்வேற்றத்தால் பயன் ஏதும் விளையவில்லை.

ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று சோதனை முறையில் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கிய 'இ-ரூபாய்' இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது நம் ரூபாயின் மற்றொரு வடிவம். அதற்கு ரிசர்வ் வங்கியே பொறுப்பு. இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுதல் கூடாது.

சட்டத்தின் நிலை

2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. இத்தகைய நாணயங்களில் வியாபாரம் செய்வோருக்கு வங்கிகள் எவ்விதச் சேவையும் அளிக்கலாகாது என்பது அதன் சாரம். அச்சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிற்று. மூன்று நீதிபதிகள் அமர்ந்த அவ்வழக்கில் தீர்ப்பை எழுதியவர், தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் வெ. இராமசுப்பிரமணியன். வங்கிகளுக்கு இதனால் உண்மையான தீங்கு நேர்ந்ததாக ரிசர்வ் வங்கி காட்டாத நிலையில், இவ்வளவு கடுமையான தடை அளவுக்கு மிஞ்சியது என்பது நீதிமன்றத்தின் கருத்து. கிரிப்டோ நல்லதென்றோ, வாங்குவோருக்குப் பாதுகாப்பு உண்டென்றோ நீதிமன்றம் கூறவில்லை.

அடுத்து, 2022-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்னும் பெயரில் இவை வருமான வரிச் சட்டத்துள் கொண்டுவரப்பட்டன. அப்போது நாடாளுமன்றத்தில் பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இதனைச் சட்டபூர்வமாக்குவதா இல்லையா என்பது வேறு கேள்வி என்றும், இதிலிருந்து வரும் இலாபத்திற்கு வரி விதிப்பது அரசின் உரிமை என்றும் தெளிவுபடுத்தினார். "வரி வாங்குவதால் அரசு ஏற்றுக்கொண்டது" என்போர் இந்த விளக்கத்தை மறந்துவிடுகின்றனர்.

2023 மார்ச் 7 அன்று வெளியான அறிவிக்கையின்படி, இந்நாணயங்களை வாங்கி விற்க இடமளிக்கும் எக்ஸ்சேஞ்சுகள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் வரம்பிற்குள் வந்தன. அவை நிதி அமைச்சகத்தைச் சேர்ந்த நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். வாடிக்கையாளர் யாரென அறிந்து ஆவணம் பெறுதல் வேண்டும். பதிவு செய்யாமல் இந்தியருடன் வியாபாரம் செய்த ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2023 டிசம்பரில் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டது. அவற்றுள் ஒன்றான பைனான்ஸ் நிறுவனத்திற்கு 2024 ஜூனில் ரூ. 18.82 கோடி அபராதம் விதிக்கப்பட்டது.

ஆகவே சட்ட நிலையைச் சுருக்கமாகக் கூறுவதாயின், இந்தியாவில் கிரிப்டோ வாங்குவது குற்றமன்று. ஆனால் அது செல்லுபடியாகும் பணமும் அன்று. வாங்க விரும்புவோர், நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்ற நிறுவனத்தில், தம்முடைய சொந்தப் பான் எண்ணைக் கொண்டும், தம்முடைய சொந்த வங்கிக் கணக்கின் வாயிலாகவும் வாங்குவதே முறை. ரொக்கமாகக் கொடுத்து வாங்குவதும், தொழிலாளியின் பெயரிலோ உறவினர் பெயரிலோ வாங்குவதும் பின்னாளில் பெருந்தொல்லைக்கு இடமளிக்கும்.

'பி டு பி' எனப்படும் முறையில், தனிமனிதர் இருவர் தமக்குள் நேரடியாக நாணயத்தையும் பணத்தையும் மாற்றிக்கொள்கின்றனர். இதில் ஓர் அபாயம் மறைந்துள்ளது. நாணயத்தை விற்றவர் கணக்கிற்கு வந்து சேரும் பணம், எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். ஏமாந்தவர் புகார் செய்கிறார். போலீசார் பணம் சென்ற வழியைத் தொடர்கின்றனர். விற்றவரின் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது. அக்கணக்கு ஒரு பனியன் கம்பெனியின் நடப்புக் கணக்காக இருப்பின், சனிக்கிழமை மாலை சம்பளத்திற்காகக் காத்து நிற்கும் தொழிலாளருக்கு என்ன விடை கூறுவது? இதே காரணத்தால்தான், "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று வருவோரை நம்பித் தொழிலாளர் எவரும் தம் கணக்கைக் கொடுத்தல் கூடாது. கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவரைத்தான் முதலில் விசாரிப்பர்.

வரிக் கணக்கு

இனி வரியைப் பார்ப்போம். 2022 ஏப்ரல் 1 முதல், இந்நாணயத்தை விற்று வரும் இலாபத்திற்கு 30 சதவீதம் வருமான வரி. அவ்வரியின் மேல் 4 சதவீதம் மேல்வரி. ஆண்டு வருமானம் எவ்வளவு என்பது இங்குப் பொருட்டில்லை. கோடிக்கணக்கில் ஏற்றுமதி செய்யும் முதலாளிக்கும், மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் செக்கிங் தொழிலாளிக்கும் விகிதம் ஒன்றே. வாங்கிய விலையைத் தவிர வேறெந்தச் செலவையும் கழிக்க இயலாது. ஒரு நாணயத்தைக் கொடுத்து மற்றொரு நாணயத்தைப் பெறுவதும் விற்பனையாகவே கருதப்படும். ரூபாயாகக் கைக்கு வரவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது.

மிகக் கடுமையான விதி நஷ்டத்தைப் பற்றியது. ஒரு நாணயத்தில் அடைந்த நஷ்டத்தை மற்றொரு நாணயத்தின் இலாபத்தில் கழிக்க இயலாது. வேறு வருமானத்திலும் கழிக்க இயலாது. அடுத்த ஆண்டிற்கும் கொண்டுசெல்ல இயலாது. எடுத்துக்காட்டாக, ஒருவர் இரு நாணயங்களை ஒவ்வொன்றும் ஒரு இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார் எனக் கொள்வோம். முதலாவதை ரூ. 1,50,000-க்கு விற்கிறார், இலாபம் ரூ. 50,000. இரண்டாவதை ரூ. 40,000-க்கு விற்கிறார், நஷ்டம் ரூ. 60,000. மொத்தத்தில் அவர் பத்தாயிரம் ரூபாய் இழந்துள்ளார். ஆயினும் முதல் நாணயத்தின் இலாபமான ரூ. 50,000-க்கு ரூ. 15,000 வரியும், ரூ. 600 மேல்வரியும் செலுத்தியாக வேண்டும். ஆக, அவருடைய உண்மையான இழப்பு ரூ. 25,600. நூல் வியாபாரத்தில் ஒரு சரக்கின் நஷ்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழித்துப் பழகிய வியாபாரிக்கு இது வியப்பளிக்கும். ஆனால் விதி அதுவே.

இதனுடன், விற்கும்போதே விலையில் 1 சதவீதம் பிடித்தம் செய்யும் டி.டி.எஸ். முறை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டில் கொடுக்கப்படும் தொகை ரூ. 10,000-ஐத் தாண்டினால் இப்பிடித்தம் உண்டு. வாங்குபவர் வியாபார வருமானம் இல்லாத தனிநபர் போன்ற சில வகையினராயின் அவ்வரம்பு ரூ. 50,000. எக்ஸ்சேஞ்சு வழியாக விற்றால் அந்நிறுவனமே பிடித்துச் செலுத்திவிடும். நேரடியாக மாற்றிக்கொள்ளும்போது பிடித்துச் செலுத்தும் பொறுப்பு வாங்குபவருடையது. பிடித்த தொகை வீணாவதில்லை. கட்ட வேண்டிய வரியில் அது கழிக்கப்படும். மிகுதியாயின் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். மேலே காட்டிய உதாரணத்தில் இரு விற்பனைகளுக்குமாகப் பிடிக்கப்படும் தொகை ரூ. 1,900, எஞ்சிய ரூ. 13,700-ஐ அவர் செலுத்துதல் வேண்டும். நிறுவனம் வாங்கும் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு உண்டு.

சிறு வியாபாரிகள் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். விற்றுமுதலில் ஒரு விகிதத்தை இலாபமெனக் காட்டும் எளிய படிவத்தையே அவர்களுட் பலர் ஆண்டுதோறும் தாக்கல் செய்கின்றனர். கிரிப்டோ வருமானத்தைக் காட்ட அப்படிவத்தில் இடமில்லை. அதற்கெனத் தனி அட்டவணை உள்ள விரிவான படிவத்தையே நிரப்புதல் வேண்டும். வாங்கிய நாள், விற்ற நாள், வாங்கிய விலை, விற்ற விலை ஆகியவற்றை அதில் குறிப்பிட வேண்டும். உறவினர் அல்லாத ஒருவர் ரூ. 50,000-க்கு மேற்பட்ட மதிப்புள்ள நாணயத்தை அன்பளிப்பாகக் கொடுத்தால், பெற்றவருக்கு அது வருமானம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இவ்விதிகள் இடம்பெற்றுள்ளன. பிரிவு எண்கள் மாறினாலும் கடமை மாறவில்லை.

மறைத்துவிடலாம் என்று எண்ணுவோர்க்கும் ஒன்று கூறவேண்டும். டி.டி.எஸ். பிடித்த ஒவ்வொரு விற்பனையும் பான் எண்ணுடன் சேர்த்து வரித்துறையின் பதிவில் ஏறுகிறது. 2025 பிப்ரவரி 1 முதல், சோதனையின்போது வெளிப்படும் மறைக்கப்பட்ட வருமானத்திலும் இச்சொத்து சேர்க்கப்பட்டுள்ளது. அவ்வகை வருமானத்திற்கு வரி 60 சதவீதம்.

வரி செலுத்தியவருக்குக் காவல் யார்?

இவ்வளவு வரி செலுத்துகிறோமே, பணத்திற்குப் பாதுகாப்பு உண்டா என்னும் கேள்வி இயல்பாக எழும். வங்கியில் போட்ட பணத்திற்கு, வங்கி நொடித்தாலும், 2020 முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோவிற்கு அத்தகைய காப்பீடு இல்லை.

2024 ஜூலை 18 அன்று, இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளுள் ஒன்றான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர்கள் தம் நாணயங்களை எடுக்க இயலாமல் வாசல் அடைபட்டது. நிறுவனம் சிங்கப்பூர் நீதிமன்றத்தை அணுகி, இழப்பை வாடிக்கையாளர் அனைவரிடையேயும் பகிரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வியாபாரம் மீண்டும் தொடங்கியது 2025 அக்டோபரில். இடைப்பட்ட பதினைந்து மாதங்கள் பணம் இருந்தும் இல்லாத நிலை.

அவர்களுள் ஒருவர், 2024 ஜனவரியில் சுமார் ரூ. 1,98,000 செலுத்தி எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள் வாங்கியவர். களவு போனவை வேறு வகை நாணயங்கள். தம்முடைய நாணயங்கள் களவு போகாதபோது பிறருடைய இழப்பைத் தாம் ஏன் சுமக்க வேண்டும் என்று அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார். 2025 அக்டோபர் 25 அன்று நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். கிரிப்டோ என்பது செல்லும் பணமன்று. ஆயினும் அது சொத்து. ஒருவருக்காக மற்றொருவர் அமானிதமாக வைத்திருக்கத்தக்க பொருள் என்று அத்தீர்ப்பு கூறிற்று.

இத்தீர்ப்பு பெரிதும் கவனிக்கத்தக்கது. தாம் எந்த நாளில், எந்த வங்கிக் கணக்கிலிருந்து, எவ்வளவு செலுத்தி, எந்த நாணயம் எத்தனை வாங்கினார் என்பதை அவர் காட்ட முடிந்தது. ரொக்கத்தைக் கொடுத்துவிட்டுக் கைப்பேசித் திரையில் ஓர் எண்ணைப் பார்த்து மகிழ்ந்திருப்பவர், நீதிமன்றத்தின் முன் எதனைக் காட்டுவார்? வரி வசூலிக்கும் அரசு இழப்பை ஈடு செய்வதில்லை. ஆனால் வரிக்காக நாம் எழுதி வைக்கும் கணக்கே, இழப்பு நேரும்போது நம் கையிலுள்ள ஒரே சான்றாகிறது.

கடனாயினும் சிறிதோ பெரிதோ எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைத்துக்கொள்ளுமாறும் திருக்குர்ஆன், இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தில் விரிவாகக் கட்டளையிடுகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுவே. வணிகத்தில் எழுத்திற்கு எவ்வளவு மதிப்பு அளிக்கப்பட்டுள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

திருப்பூர் கற்ற பாடம்

பிட்காயின் பிறந்த அதே 2008, 2009 ஆண்டுகளில்தான், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு பாசி ஃபாரெக்ஸ் டிரேடிங் என்னும் நிறுவனம் இயங்கிற்று. அந்நியச் செலாவணி வியாபாரத்தில் ஈடுபட்டு உயர்ந்த வருவாய் தருவதாகக் கூறி அது மக்களிடம் பணம் திரட்டியது. மோசடியின் அளவு சுமார் ரூ. 930 கோடி. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறி, 2022 ஆகஸ்டில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் அதன் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அபராதம் ரூ. 171.74 கோடி. குற்றவாளிகள் தண்டனை பெற்றனர். ஆனால் நிறுவனம் நொடித்ததற்கும் தீர்ப்பிற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் உருண்டோடின. மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்ததை ஒப்படைத்தவருக்கு அவ்வாண்டுகளை எவர் திருப்பித் தருவர்? 2012-இல் அண்டையிலுள்ள பெருந்துறையில் ஈமுக் கோழிப் பண்ணைகள் சரிந்தபோதும் இதே கண்ணீரைக் கொங்கு நாடு கண்டது.

அன்று 'ஃபாரெக்ஸ்' என்ற சொல்; பின்னர் 'ஈமு' என்ற சொல்; இன்று 'கிரிப்டோ' என்ற சொல். சொல் மாறுகிறது, வாக்குறுதி மாறுவதில்லை. "மாதம் இவ்வளவு நிச்சயம் கிடைக்கும், இன்னும் இருவரைச் சேர்த்துவிட்டால் கூடுதலாகக் கிடைக்கும்" என்பதே அவ்வாக்குறுதி. ஒருவர் தம் பெயரில் தாமே பிட்காயின் வாங்குவது ஒரு செயல். கிரிப்டோவில் போட்டு இலாபம் தருவதாகக் கூறும் ஒருவரிடம் பணத்தை ஒப்படைப்பது முற்றிலும் வேறு செயல். விலை நாள்தோறும் ஏறி இறங்கும் பொருளில், நிச்சயமான மாத வருவாய் எப்படி இயலும்? புதிதாகச் சேர்வோர் பணத்தைப் பழையவருக்குக் கொடுத்தாலன்றி இயலாது. அனுமதியின்றிப் பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டுவது 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி குற்றம். ஏமாற்றப்பட்டோர் தயங்காது 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே தெரிவித்தல் வேண்டும். நாழிகை கடக்குந்தோறும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

சரக்கிற்கு விலையாகக் கிரிப்டோ

திருப்பூருக்கே உரிய மற்றொரு சங்கடமும் உண்டு. காதர்பேட்டைக்கு வெளிநாட்டு வியாபாரிகளும் வந்து கொள்முதல் செய்வதுண்டு. டாலர் கிடைப்பது அரிதான நாடுகளிலிருந்து வாங்குவோர், "யு.எஸ்.டி.டி. அனுப்புகிறேன், சரக்கை ஏற்றுங்கள்" என்று கூறும் நிலை வரலாம். ஒரு டாலர் மதிப்பில் நிற்குமாறு அமைக்கப்பட்ட கிரிப்டோ நாணயம் இது. டாலரைப் போலத் தோன்றினும் சட்டத்தின் கண்ணில் டாலர் அன்று. ஏற்றுமதிச் சரக்கின் விலை, அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற வங்கியின் வழியாகக் குறித்த காலத்திற்குள் வந்து சேர வேண்டும். கைப்பேசியிலுள்ள வாலட்டிற்கு வந்த நாணயத்தை எந்த வங்கியும் ஏற்றுமதி வரவாகச் சான்றளிக்காது. வங்கியின் பதிவேட்டில் அச்சரக்கின் விலை வராக்கடனாகவே நிற்கும். பெற்ற சுங்கத் திருப்பத்தொகையையும் மீட்டுக்கேட்க இடமுண்டு. அவசரத்திற்கு ஒரு பெட்டிச் சரக்கை விற்கப்போய், ஏற்றுமதியாளர் என்னும் நற்பெயரையே இழத்தல் அறிவுடைமை ஆகாது.

மனச்சான்றின் கேள்வி

இனி மூன்றாவது கேள்வி. இதில் மார்க்க அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இன்னும் ஏற்படவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எகிப்தின் தலைமை முஃப்தி ஷவ்கி அல்லாம், 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான தீர்ப்பில் பிட்காயின் வியாபாரம் கூடாதென்றார். மலேசியாவின் பங்குச் சந்தை ஆணையத்தைச் சார்ந்த ஷரீஅத் ஆலோசனைக் குழு, பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சுகளில் டிஜிட்டல் சொத்துகளை வாங்கி விற்பது ஆகுமென 2020-இல் முடிவு செய்தது. இந்தோனேசிய உலமாக்கள் பேரவை, இதனைப் பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்று 2021 நவம்பரில் அறிவித்தது. அதேபோது, தெளிவான பயனும் அடிப்படையும் உடையதாயின் ஒரு பண்டமாக விற்க இடமுண்டென்றும் கூறிற்று. தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது ஒவ்வொருவருக்கும் பொறுப்பு.

கருத்து வேறுபட்டாலும், அறிஞர் அனைவரும் ஒப்பும் அளவுகோல் ஒன்றுண்டு. நீரில் நீந்தும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் பிடிப்பதற்கு முன்னரே விற்பது கூடாது என்பது சட்ட வல்லுநர்கள் காட்டும் பழைய உதாரணம். பொருள் கைக்கு வருமா வராதா எனத் தெரியாத நிலையில் பணம் கைமாறுவதே அதிலுள்ள குறை. இதனைக் 'கரர்' என்பர். என்ன வாங்குகிறோம் என்றறியாமல், அண்டை வீட்டார் வாங்கினார் என்பதற்காக வாங்குவதும், கடன் வாங்கி விலையேற்றத்தின் மீது பந்தயம் கட்டுவதும் அக்குறையிலிருந்து தப்பா. சூதாட்டத்திற்கும் அவற்றிற்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது.

இதனினும் முதன்மையான கேள்வி, போடும் பணம் யாருடையது என்பது. திருப்பூரில் ஒரு வியாபாரியின் கையில் புரளும் பணத்தில் பெரும்பகுதி அவருடையதன்று. நூல் மில்லுக்குக் கொடுக்க வேண்டியது அதில் உண்டு. சாயப்பட்டறைக்கும் ஜாப் ஒர்க் செய்தவருக்கும் உரியது உண்டு. வாரம் முழுதும் நின்று உழைத்தவரின் கூலி உண்டு. நாளைக்குக் கொடுக்க வேண்டிய அப்பணத்தை இன்று கிரிப்டோவில் போட்டு, விலை ஏறியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது, பிறர் சொத்தை அவர்களைக் கேளாமல் பந்தயத்தில் வைப்பதாகும். இலாபம் வந்தால் தமக்கு. நஷ்டம் வந்தால் அவர்களுக்கு. இதற்கு எந்தச் சட்டத்திலும் எந்த மார்க்கத்திலும் நியாயம் இல்லை. முழுதும் போனாலும் குடும்பமும் தொழிலும் கடன்காரரும் பாதிக்கப்படாத சிறு தொகை எதுவோ, அதற்கு மேற்செல்வது தகாது.

வாங்கியவர்க்கு எஞ்சும் கடமைகள் இரண்டு. ஒன்று, அதனைச் சொத்தாகவே கருதிக் கணக்கில் சேர்த்தல். வரித்துறைக்குக் காட்டும்போது 'இது பணமே அன்று' என்றும், பிறரிடம் பெருமை பேசும்போது 'என் சொத்து' என்றும் கூறுதல் நேர்மையாகாது. இதனைச் செல்வமாக ஏற்கும் அறிஞர்கள், நிஸாப் அளவை எட்டி ஓராண்டு கடந்தால் அதற்கும் இரண்டரை சதவீதம் ஜகாத் கடமை என்பர். மற்றொன்று, வாரிசுகளின் உரிமை. வாலட்டைத் திறக்கும் மறைசொல் ஒருவர் நினைவில் மட்டும் இருக்குமாயின், அவர் மறைவோடு அச்சொத்தும் மறையும். எந்த நீதிமன்றமும் எந்த வங்கியும் அதனை மீட்டுத்தர இயலாது. மனைவி மக்களுக்குத் திருக்குர்ஆன் வகுத்துள்ள பங்கு ஒரு சொல்லை எழுதி வைக்காமையால் அழிந்துபோதல் பெருங்குற்றம். நம்பிக்கைக்குரிய ஒருவர் அறியுமாறு, பாதுகாப்பான இடத்தில் அதனை எழுதி வைத்தல் வேண்டும்.

சட்டம் தடுக்கவில்லை, வரி உண்டு, காவல் குறைவு. நிலைமை இதுவே. திருப்பூரின் பழைய வியாபாரிகள் பேரேட்டை மூடாமல் கடையை மூட மாட்டார்கள் என்பர். இரவு கணக்கு எழுதும்போது, இப்பணம் எங்கிருந்து வந்தது, யாருக்கு உரியது, எங்கே சென்றது என்னும் மூன்றிற்கும் அவர்கள் விடை எழுதினர். கிரிப்டோ வாங்க எண்ணுபவர், கைப்பேசியைத் திறப்பதற்கு முன் அப்பேரேட்டைத் திறந்து பார்க்கட்டும். சனிக்கிழமைச் சம்பளமும், கொடுக்க வேண்டிய கடனும், செலுத்த வேண்டிய வரியும் போக எஞ்சியது என்ன என்று கூட்டிப் பார்க்கட்டும். எஞ்சியது ஏதுமில்லையாயின், வாங்கலாமா என்னும் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.